கலுங்கு எந்தப் பக்கம்?

போன வருடம் ஜூலையில் கோல்சக் ஏரிக்கு நடந்து போய்விட்டு வந்து, அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினேன். பச்சையும் நீலமும் கலந்த தண்ணீர், அதன் பின்னால் செங்குத்தாக எழும்பும் பாறை மலை, நடுவில் வெள்ளைக் கோடாக ஒரு பனிப்பாளம். அலுவலகத்தில் காட்டினால் எல்லோரும் வாயைப் பிளக்கிற படம். அப்பா அரை மணி நேரம் கழித்துக் குரல் பதிவு அனுப்பியிருந்தார்.

"நல்லாருக்கு ஆத்தா. கலுங்கு எந்தப் பக்கம் இருக்கு?"

எங்கள் ஊர் சிவகங்கைப் பக்கம். வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் ஒரு போகம், இல்லாவிட்டால் கருவேலம். அப்பாவுக்கு நீர்நிலை என்றால் கரை, மடை, கலுங்கு. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த மடை வழியாக எந்த வயலுக்குப் போகிறது, மிஞ்சியது எந்தக் கலுங்கில் விழுகிறது. இதெல்லாம் தெரியாமல் ஒரு ஏரியைப் 'பார்த்தேன்' என்று சொன்னால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். நான் சிரித்துக்கொண்டே பதில் போட்டேன்: "இது பாசனக் கண்மாய் இல்லப்பா. மலை மேல இயற்கையா இருக்கிற ஏரி. யாரும் தொடாத காடு." அவர் 'சரி ஆத்தா' என்று மட்டும் சொன்னார். அந்தச் 'சரி'யில் நம்பிக்கை இல்லை.

சியாட்டலுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. இங்கே மலையேறுகிறவர்களிடம் 'என்சாண்ட்மெண்ட்ஸ் போயாச்சா?' என்ற கேள்வி அடிக்கடி வரும். நம் ஊரில் சபரிமலைக்குப் போய் வந்ததைக் கேட்பதுபோல. காஸ்கேட் மலைத்தொடரின் கிழக்குச் சரிவில், லெவன்வொர்த் என்ற சிற்றூருக்கு மேலே, 7,000 அடிக்கு மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு கருங்கல் பீடபூமிதான் அது. அதில் சங்கிலிபோல ஏரிகள். இரவு தங்கி வர வேண்டுமென்றால் மே 15 முதல் அக்டோபர் 31 வரை அனுமதிச் சீட்டு வேண்டும். அதைப் பிப்ரவரியில் குலுக்கல் முறையில் கொடுக்கிறார்கள். ஆறு வருடம் விண்ணப்பித்தேன். ஆறு வருடமும் 'வருந்துகிறோம்'.

குலுக்கல் இல்லாமல் பார்க்க ஒரே வழி, ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கி ஒரே நாளில் முடித்துவிடுவது. பாதை தொடங்கும் இடத்தில் சீட்டை நாமே எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு நடக்கலாம். சுமார் 18 மைல், அதாவது 29 கிலோமீட்டர். ஏற்றம் 4,500 அடி. இறக்கம் அதைவிடக் கூட, ஏனென்றால் முடிகிற இடம் தொடங்கிய இடத்தைவிட 2,000 அடி கீழே இருக்கிறது. இறங்கும்போது முட்டி என்ன பாடு படும் என்பதை என் கணவர் முதலிலேயே கணக்குப் போட்டு, 'நான் வண்டி ஓட்டுறேன்' என்று சொல்லிவிட்டார். ஆக நானும் என் தோழியும். அவள் திருநெல்வேலிக்காரி, மாரத்தான் ஓடுகிறவள். என்னைவிட எட்டு வயது இளையவள் என்பதை நாள் முழுக்க நினைவுபடுத்திக்கொண்டே வந்தாள்.

அக்டோபர் முதல் வாரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் லார்ச் மரம். அதை அப்புறம் சொல்கிறேன்.

காலை நான்கு மணிக்கு நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். வாகன நிறுத்தத்தில் அந்த நேரத்துக்கே முப்பது நாற்பது வண்டிகள். இருட்டில் முன்னாலும் பின்னாலும் விளக்குகள் வரிசையாக நகர்ந்தன. முதல் நான்கு மைலைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. வேர், கல், ஓடை மேல் ஒரு மரப்பாலம், மூச்சு. ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கோல்சக் ஏரிக்கரைக்கு வந்தபோது வானம் சாம்பல் நிறத்தில் இருந்தது.

கோல்சக் என்றால் குளிர்ந்த தண்ணீர் என்று பொருள். இந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளும் வணிகர்களும் பேசிப் புழங்கிய சினூக் கலப்பு மொழியின் சொல். ஏரியின் நிறத்துக்குக் காரணம் மேலே இருக்கும் பனிப்பாளம். அது பாறையை அம்மியில் வைத்து அரைத்தமாதிரி மாவாக்குகிறது. அந்த மாவு தண்ணீரில் கரையாமல் மிதக்கிறது. அதில் பட்டுச் சிதறும் வெளிச்சம்தான் அந்தப் பச்சை நீலம். அரிசி களைந்த தண்ணீரில் ஒரு சொட்டு மயில்துத்தம் விட்டது போலிருக்கும். விடியலில் அந்த நிறமும் இல்லை. ஈயத் தகடு மாதிரி கிடந்தது.

ஏரியின் தென்கோடியில் லாரி அளவுக் கற்கள் குவிந்து கிடக்கும். அவற்றின் மேல் தாவித் தவழ்ந்து கடந்தால் ஆஸ்கார்ட் கணவாயின் அடிவாரம். நிமிர்ந்து பார்த்ததும் தோழி திருநெல்வேலித் தமிழில் ஒன்று சொன்னாள். இங்கே எழுத முடியாது. முக்கால் மைல் தூரத்துக்குள் ஏறக்குறைய 2,000 அடி ஏற்றம். பாதை என்று ஒன்று கிடையாது. சரளையும் உடைந்த பாறையும் சரிந்து கிடக்கிற ஒரு பள்ளத்தாக்கில், யாரோ அடுக்கி வைத்த சிறு கற்குவியல்களைப் பார்த்துப் பார்த்து ஏற வேண்டும். குவியல் தெரியவில்லை என்றால் வழி தவறிவிட்டோம் என்று அர்த்தம். இரண்டு முறை தவறினோம். ஒரு அடி வைத்தால் அரை அடி சறுக்கும். மேலே போகிறவர் காலில் பட்டு ஒரு கல் உருண்டால் 'கல்!' என்று கத்த வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். எனக்கு மேலே போன ஒரு பையன் அப்படிக் கத்தினான். தேங்காய் அளவுக் கல் எனக்கு நாலடி தள்ளிக் குதித்துப் போனது. அதன் பிறகு யாருக்கும் நேர் கீழே நான் நிற்கவே இல்லை.

வலது பக்கம் டிராகன்டெயில் சிகரம், 8,840 அடி. நம் ஆனைமுடியும் அதே உயரம்தான், இரண்டடி முன்னே பின்னே. ஆனைமுடியைச் சுற்றிப் புல்வெளியும் சோலையும் வரையாடும். இங்கே அதே உயரத்தில் ஐப்பசிக்கு முன்பே நிழல் விழும் இடங்களில் பனி உறைந்து கிடக்கிறது. உயரம் ஒன்றானாலும் அட்சரேகை வேறு: இது 47 பாகை வடக்கு. மலையை அடியில் மட்டும் அளக்கக் கூடாது என்பதை இங்கே வந்துதான் புரிந்துகொண்டேன்.

பத்தேகாலுக்குக் கணவாய் உச்சி. 7,800 அடி. அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் வேறு உலகம்.

ஆஸ்கார்ட் என்பது நார்ஸ் புராணத்தில் தேவர்கள் வாழும் இடம். அந்தப் பெயரை வைத்தவர்கள் லெவன்வொர்த்தைச் சேர்ந்த பில் ஸ்டார்க், பெக் ஸ்டார்க் தம்பதி. 1950-களின் கடைசியிலிருந்து லார்ச் பழுக்கும் பருவத்தில் வந்து போய், ஒவ்வொரு குட்டைக்கும் ஒரு தேவதை, ஒரு வாள், ஒரு மந்திரம் என்று பெயர் சூட்டினார்கள். அவர்களுக்கு முன்பே ஆல்பர்ட் சில்வெஸ்டர் என்ற நில அளவையாளர் இந்தத் தொகுதிக்கே 'மயக்கும் ஏரிகள்' என்று பொருள்படப் பெயர் வைத்துவிட்டார். அதனால் சில ஏரிகளுக்கு இரண்டு பெயர். வரைபடத்தில் ஒன்று, வருகிறவர்கள் வாயில் ஒன்று. எங்கள் ஊர்க் கண்மாய்க்கும் அப்படித்தான், பட்டாவில் ஒரு பெயர், பேச்சில் ஒரு பெயர். இதில் ஆச்சரியப்பட எனக்கு ஒன்றும் இல்லை.

மேல் வடிநிலம் முழுக்க வழவழப்பான வெளிர் கருங்கல். 9 கோடி ஆண்டுக்கு முன்னால் பூமிக்கடியில் உறைந்த பாறைக் குழம்பு, மேலெழும்பி, பனிப்பாளத்தால் தேய்க்கப்பட்டு இப்போது வெறும் பாறைத் தரையாகக் கிடக்கிறது. பனிப்பாளம் எங்கெல்லாம் குழி பறித்ததோ அங்கெல்லாம் ஒரு ஏரி. கல்லில் வெட்டிய தொட்டி போல, அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். புல்லுக்கூட அஞ்சு விரற்கடைதான் உயரம்.

அங்கிருந்து தெற்கே கொஞ்சம் விலகி ஏறினால் லிட்டில் அன்னபூர்ணா. 8,440 அடி. பேர் பெரிதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். கயிறு வேண்டாம், பொறுமை போதும். பாறைப் பலகைகள், அப்புறம் சரளை, கடைசியில் மாடு படுத்திருப்பது போன்ற ஒரு முதுகு. ஆனால் அந்த முதுகின் தென் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தபோது வயிறு ஒரு முறை கீழே போய் வந்தது. பல ஆயிரம் அடி ஆழத்தில் இங்கால்ஸ் ஓடைப் பள்ளத்தாக்கு. தூரத்தில் வெள்ளைக் கூம்பாக ரெய்னியர் மலை. மேற்கே ஸ்டூவர்ட் மலை, கறுத்த ரம்பம் மாதிரி. வடக்கே, நாங்கள் இனி நடக்க வேண்டிய ஏரிகளுக்கு அப்பால், புருசிக் சிகரம், பல் விழுந்த வாயில் மிச்சமிருக்கும் ஒரு கோரைப்பல் போல. கயிற்றில் ஏறுகிறவர்கள் போடும் ஒரு முடிச்சின் பெயர் அதற்கு.

தொட்டபெட்டா 8,650 அடி. அதாவது நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறிய இந்தச் சிகரம் தொட்டபெட்டாவைவிட 200 அடி குட்டை. அங்கே காரில் போய் இறங்கி மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டிருக்கிறேன். இதைத் தோழியிடம் சொன்னதும் அவள், 'இப்ப ஏன்க்கா பஜ்ஜியை ஞாபகப்படுத்துறீங்க' என்று கோபித்துக்கொண்டாள்.

பஜ்ஜி இல்லை, புளியோதரை இருந்தது. அன்னபூரணி பெயரில் ஒரு மலை இருந்தால் அதன் மேல் உட்கார்ந்து ரொட்டியா தின்பது என்று முந்தின நாள் இரவே கிளறி வைத்திருந்தேன். குளிரில் சோறு விறைத்து, பொட்டலத்தைப் பிரித்தபோது செங்கல் வடிவத்தில் வந்தது. பல்லால் உடைத்துத் தின்றோம். கடலை மட்டும் அப்படியே மொறுமொறுவென்று இருந்தது.

சாப்பிடும்போதே வந்துவிட்டார்கள், மலை ஆடுகள். தாயும் குட்டியும். தும்பைப்பூ வெள்ளை, குளிர்காலத்துக்காக அடர்ந்துகொண்டிருந்த ரோமம், கறுப்புக் கத்திக் கொம்பு. பத்தடி தூரத்தில் நின்று எங்களையே பார்த்தன. புளியோதரைக்கு இல்லை. இந்த மலையில் உப்பு கிடைப்பது அரிது. மனிதர்கள் சிறுநீர் கழித்த இடத்தை நக்கவும், தோண்டித் தின்னவும் இவை பழகிவிட்டன. அதனால் செடி கொடி மேல் போகக் கூடாது, பாறை மேல்தான் போக வேண்டும், பாதையை விட்டு விலகிப் போக வேண்டும் என்று வனத்துறையே சொல்கிறது. தோழி ஒரு பாறை மறைவுக்குப் போனாள். தாய் ஆடு கம்பீரமாக எழுந்து அவள் பின்னாலேயே போயிற்று. அடுத்த ஐந்து நிமிடத்தில் கேட்ட கூச்சலை நான் விவரிக்கப் போவதில்லை.

இப்போது லார்ச்.

ஊசியிலை மரம் என்றால் வருடம் முழுக்கப் பச்சை என்றுதான் பள்ளியில் படித்தோம். லார்ச் அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை. பார்க்கப் பைன், தேவதாரு வகையறா. ஆனால் புரட்டாசி கடைசியில் மஞ்சளாகி, ஐப்பசியில் அத்தனை ஊசியையும் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். தண்ணீர் உறைந்துபோகும் குளிர்காலத்தில் இலையைச் சுமந்துகொண்டு காய்ந்து சாவதைவிட, இலையிலிருக்கும் சத்தை முன்பே உள்ளே இழுத்துக்கொண்டு வெறும் கூட்டை உதிர்ப்பது அதற்கு லாபம். பச்சையம் போனதும் அடியில் இருந்த மஞ்சள் வெளியே வருகிறது. இங்கே இருப்பது மலையுச்சி லார்ச். மற்ற மரங்கள் கைவிட்ட கல்லிடுக்கில், மண்ணே இல்லாத இடத்தில், இம்மி இம்மியாக வளர்கிறது. என் இடுப்பளவு தடிமன்கூட இல்லாத மரத்துக்குப் பல நூறு வயது இருக்கலாம்.

படங்களில் பார்த்து, வெயிலில் மின்னும் தங்கம் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அது உண்மைதான், மின்னுகிறது. பர்ஃபெக்‌ஷன் ஏரிக்கரையில் வெயில் மரங்களுக்குப் பின்னாலிருந்து வந்தபோது ஒவ்வொரு மரமும் உள்ளே விளக்கேற்றி வைத்த மாதிரி இருந்தது. ஆனால் எனக்குப் பிடித்தது தொட்டுப் பார்த்தது. ஊசி என்றதும் குத்தும் என்று கையை மெதுவாகக் கொண்டுபோனேன். குத்தவில்லை. பிறந்த குழந்தையின் தலைமுடி மாதிரி மெத்தென்று இருந்தது. ஒரு கொத்தை விரலால் நீவினேன். பத்துப் பதினைந்து ஊசிகள் எதிர்ப்பே இல்லாமல் உள்ளங்கைக்கு வந்துவிட்டன. விடுபடத் தயாராகவே இருந்தன. காற்று வீசும்போதெல்லாம் தண்ணீர் மேல் உதிர்ந்து, கரையோரம் மஞ்சள் கோடாக ஒதுங்கியிருந்தன, களத்தில் தூற்றிய பிறகு ஒதுங்கும் சண்டு போல.

விவியன் ஏரிக்குக் கீழே பாறைச் சரிவில், கால் வைக்கக் கட்டடக் கம்பிகளை அடித்து வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டியதும் கால் மரத்துப்போன நிலை. பேச்சு நின்றுவிட்டது. மாலை ஐந்து மணிக்கு ஸ்னோ ஏரிகளுக்கு வந்து சேர்ந்தோம். மேல் ஸ்னோ, கீழ் ஸ்னோ என்று இரண்டு.

மேல் ஸ்னோ ஏரியைப் பார்த்ததும் எனக்கு ஏதோ தெரிந்த முகத்தைப் பார்த்தமாதிரி இருந்தது. தண்ணீர் கரையை விட்டு உள்ளே வாங்கியிருந்தது. சுற்றிலும் வெளிறிய வளையம். காய்ந்த சேறு, வெடிப்பு, நடுவே பழைய அடிமரக் கட்டைகள். சித்திரையில் எங்கள் கண்மாய் இப்படித்தான் இருக்கும். மேலே பார்த்த ஏரி எதிலும் இந்த வளையம் இல்லையே என்று யோசித்துக்கொண்டே நடந்தால், பாதை ஒரு கட்டுமானத்தின் மேல் ஏறிப் போகிறது. குட்டையான அணைச்சுவர். நான் அதன் மேல் நின்றுவிட்டேன். தோழி, 'என்னக்கா, கால் பிடிச்சிருச்சா?' என்றாள்.

கரை இருந்தது. அப்போது மடை எங்கே?

மடை, ஏரிக்கு அடியில் இருக்கிறது. கொலம்பியா ஆற்றின் குறுக்கே 1942-இல் முடிந்த கிராண்ட் கூலி அணை, சால்மன் மீன்கள் மேலே போய் முட்டையிடும் வழியை அடைத்துவிட்டது. அதற்கு ஈடாக லெவன்வொர்த்தில் மீன் பண்ணை கட்டினார்கள். கோடைக் கடைசியில் ஐசிக்கிள் ஓடை வற்றிச் சூடாகிவிடும், மீன் குஞ்சுக்கோ குளிர்ந்த தண்ணீர் வேண்டும். அதனால் 1930-களின் கடைசியில் இந்த மலை மேல் ஏறிவந்து, மேல் ஸ்னோ ஏரியின் அடியை நோக்கிப் பாறையைக் குடைந்து சுரங்கம் வெட்டி, வாய்க்கு வால்வு போட்டார்கள். திறந்தால் தண்ணீர் கீழே நாடா ஏரிக்குப் போகும், அங்கிருந்து ஓடை வழியே பண்ணைக்கு. பாண்டிய நாட்டுக் கண்மாய்களின் குமிழி மடையும் இதே வேலைதான்: கரையை வெட்டாமல், உள்ளுக்குள்ளிருந்து அடித்தண்ணீரை எடுப்பது.

கடைசி ஆறரை மைல் இருட்டில் முடியவே முடியாமல் வளைந்து வளைந்து இறங்கியது. என் கைக்கோல் ஒன்று கல்லிடுக்கில் சிக்கி முறிந்தது. ஒன்பது மணிக்குக் கீழே விளக்கு தெரிந்தது. கணவர் வண்டியில் தூங்கிக்கொண்டிருந்தார், மடியில் பாதி தின்ற ஜெர்மன் தொத்திறைச்சி. லெவன்வொர்த் ஊரே 1960-களில் பிழைப்புக்காக பவேரிய கிராமம் வேஷம் கட்டிக்கொண்டது. வேஷம் பொருந்திவிட்டது.

மறுநாள் அறையில் கட்டிலை விட்டு எழ முடியாமல் போனில் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அடுத்தது தெரிந்தது. ஸ்னோ ஏரி மட்டும் இல்லை. எயிட்மைல், ஸ்குவேர், க்ளோனாக்வா, கூடவே கோல்சக். இந்த நான்கின் வாயிலும் 1920-களிலிருந்தே பாசனத்துக்காகச் சின்ன அணை உண்டு. ஐசிக்கிள், பெஷாஸ்டின் பாசன வட்டாரம் கோடையில் அதைத் திறந்து விட்டு, கீழே பேரித் தோட்டங்களுக்குப் பாய்ச்சுகிறது. 1976-இல் இந்தப் பகுதியை ஆல்பைன் லேக்ஸ் வனாந்தரம் என்று சட்டம் போட்டுப் பாதுகாத்தபோது இந்தத் தண்ணீர் உரிமையும் அணைகளும் முன்பே இருந்தன, அப்படியே நீடிக்கின்றன. பழுதான எயிட்மைல் அணையைத் திரும்பக் கட்டுவது பற்றி விவசாயிகளுக்கும் காட்டைக் காக்கிறவர்களுக்கும் வெகுநாள் இழுபறி. ஆயக்கட்டு என்றாலே பஞ்சாயத்து என்று ஆகிவிட்டது, ஊர் எதுவானால் என்ன.

'யாரும் தொடாத காடு' என்று அப்பாவுக்கு நான் எழுதியது நினைவுக்கு வந்தது. ஜூலையில் அந்த ஏரிக்கரையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஏரியின் வாய்ப் பக்கம் போகவே இல்லை. படம் எடுக்க மலைதானே வேண்டும்.

திரும்பும் வழியில் பெஷாஸ்டின் பக்கம் சாலையோரப் பழக்கடையில் நிறுத்தி ஒரு பை பேரிக்காய் வாங்கினோம். வண்டியில் வைத்தே ஒன்றைக் கடித்தேன். சாறு முழங்கை வரை ஓடியது. இரவு எட்டரைக்கு வீட்டிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டேன், அங்கே காலை ஒன்பது. கோல்சக் படத்தை மறுபடி காட்டி, இந்த ஓரத்தில்தான் மடை, தண்ணீர் இப்படிப் போய் இந்தப் பழத்துக்குப் பாய்கிறது என்று மிச்சமிருந்த பேரிக்காயைக் கேமராவுக்கு நேரே பிடித்தேன். மலை மேல் தேவர்கள் பெயரெல்லாம் இருக்கிறதென்றும் சொன்னேன்.

"அதான் கேட்டேன்," என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் யோசித்து, "மேல போய்த் தெறந்து விடுறது யாரு?"

"ஆள் இருக்காங்கப்பா. நடந்து ஏறிப் போய்த் திறந்துட்டு வருவாங்களாம்."

"அப்ப நீர்பாய்ச்சி இருக்காருன்னு சொல்லு. மடைக்கருப்பு வச்சிருக்காங்களா?"

"இல்லப்பா."

காவல் சாமி இல்லாத மடை அவருக்குச் சரியாகப் படவில்லை. உதட்டைப் பிதுக்கினார். பின்னால் அம்மா ஏதோ கேட்க, 'இருடி' என்று கையமர்த்திவிட்டுத் திரையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"அவருக்குக் கூலி எப்படி ஆத்தா? காசா குடுக்குறாங்களா, பேரிக்காயா அளக்குறாங்களா?"